மாடியில் சோலார்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

மாடியில் சோலார் பேனல் பொருத்தலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், விலையை விசாரிப்பதற்கு முன் கடந்த ஓராண்டு மின்கட்டணக் கணக்கை எடுத்துப் பாருங்கள் என்றே சொல்கிறேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் ஆவதோடு, கீழ் அடுக்கில் உள்ள சில யூனிட்டுகளின் விலையும் கூடிவிடுகிறது. சூரிய மின்சாரம் இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான் முதலில் குறைக்கும் என்பதால், ஏ.சி. ஓடும் வீட்டில் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். 200 யூனிட்டோடு நின்றுவிடும் வீட்டுக்கோ, மானியம் போகப் பார்த்தாலும், வங்கி வட்டிக்குக்கூட ஈடாகாது.

3 கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகிறது. வீட்டு மாடி சோலாருக்காக மத்திய அரசு 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்றாலும், அது வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நாம்தான் புரட்ட வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் கிடைக்கும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல்களின் மீது விழாத வரை. (ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி சட்டென்று இறங்குவதை எங்கள் மாடியில் பார்க்கிறேன்.) பேட்டரி இல்லாத இணைப்பு, மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும் என்பதை விற்பனையாளர்கள் ஏனோ கடைசியில்தான் சொல்கிறார்கள்.