அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை

மூன்று நாள் வானம் திறக்கவேயில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் பேட்டரி மானிட்டரைப் பார்த்தால் 52 சதவீதம். எங்கள் பாய்மரப் படகில் 110 ஆம்பியர் மணி ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய அமில வகை) பேட்டரிகள் நான்கு இருக்கின்றன, மொத்தம் 440. நங்கூரம் போட்டு நிற்கும் நாட்களில் தினமும் 90 ஆம்பியர் மணி செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் ஃபிரிட்ஜ் ஒன்றுக்கே போய்விடும். 200 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். மேகமூட்டத்தில் 20 வந்தாலே பெரிது.

அப்பா, "எஞ்சினைப் போடும்மா, ரெண்டு மணி நேரம் ஓடட்டும்" என்றார். டீசல் எஞ்சின்களோடு வேலை பார்த்தே வயதானவர் அவர். ஆனால் 30 குதிரைத்திறன் டீசலை, பேட்டரி ஏற்றுவதற்காக மட்டும் நங்கூரத்தில் மெதுவாக ஓடவிட்டால் அதற்குச் சுமையே இருக்காது. அப்படியே பழக்கினால் சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, ரிங் சரியாகப் பிடிக்காமல், எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நினைவுபடுத்தியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்போ சின்னதா ஒரு ஜெனரேட்டர் பாரு" என்றார்.

ஜெனரேட்டர் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது, முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரை. எங்களிடம் இருந்தது 20 ஆம்பியர் சார்ஜர். எவ்வளவு பெரிய ஜெனரேட்டரை அதன் முன்னால் வைத்தாலும் பேட்டரிக்குள் போவது 20 ஆம்பியர்தான், அதாவது 300 வாட்டுக்கும் குறைவு. அன்றைக்கு இருந்த நிலைமையில் 80 சதவீதம் வரை ஏற்றவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணி நேரம் அந்தச் சத்தத்தை நாமும் தாங்க முடியாது, பக்கத்துப் படகுக்காரர்களும் தாங்க மாட்டார்கள்.

அதனால் ஜெனரேட்டர் வாங்குவதற்கு முன்பே 60 ஆம்பியர் சார்ஜர் வாங்கினோம். 14.4 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் வெளியே வருவது சுமார் 860 வாட். சார்ஜரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் அது உள்ளே இழுப்பது 1000 வாட் போல. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பவர் ஃபாக்டர் திருத்தம் (மின்னோட்டத்தை வோல்டேஜோடு ஒத்துச் சீராக இழுக்கும் ஏற்பாடு) இல்லாத பழைய பாணி சார்ஜராக இருந்தால், இதே வேலைக்கு ஜெனரேட்டரிடம் 1500 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண்) வரை கேட்கும். வாட் கணக்கில் போதும் என்று தெரிகிற ஜெனரேட்டர் ஓவர்லோடு காட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திருத்தம் உள்ள சார்ஜரைத் தேடி வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் மிச்சமாகும் விஏ-வில் ஜெனரேட்டரே ஒரு அளவு சிறிதாகிவிடும்.

ஜெனரேட்டர் இன்வெர்ட்டர் வகையாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பழைய திறந்த சட்ட வகை, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றிலேயே கத்திக்கொண்டிருக்கும், 50 ஹெர்ட்ஸ் வேண்டுமே. இன்வெர்ட்டர் வகை சுமைக்கு ஏற்ற வேகத்தில் ஓடும், மின்சாரமும் சுத்தமாக இருக்கும். இந்த வகுப்பில் பலருக்கும் தெரிந்த ஹோண்டா இயூ22ஐ-யை எடுத்துக்கொண்டால் 2200 வாட் உச்சம், தொடர்ந்து தருவது 1800, எடை 21 கிலோ சுமார். நாங்கள் வாங்கியதும் இதே வகுப்புதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது உச்ச எண். நீங்கள் பார்க்க வேண்டியது தொடர்ச்சி எண்.

21 கிலோ என்பது தரையில் ஒன்றுமில்லை. ஆடுகிற ரப்பர் படகிலிருந்து மேல்தளத்துக்கு ஏற்றும்போதுதான் அந்த எடை தெரியும். பாயின் அடியில் நீளும் கட்டையான 'பூம்' என்பதிலிருந்து கப்பி போட்டு, கைப்பிடியில் ஒரு காப்புக் கயிறும் கட்டித்தான் ஏற்றினோம்.

அப்புறம் இணைப்பு. எங்கள் படகில் கரை மின்சாரம் வாங்குவதற்கு நீல நிற 16 ஆம்பியர் இன்லெட் ஒன்று இருக்கிறது. ஜெனரேட்டர் கேபிளையும் அதே இன்லெட்டில்தான் செருகுகிறோம். இதில் எனக்குப் பிடித்தது, கரை கேபிளும் ஜெனரேட்டர் கேபிளும் ஒரே நேரத்தில் செருகவே முடியாது என்பது. தனித்தனி வழி வைத்தால் இரண்டில் ஒன்றை மட்டும் அனுமதிக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். கேபிள் 2.5 சதுர மி.மீ, மூன்று கம்பி, ரப்பர் உறை. மின்சாரம் வருகிற முனை எப்போதும் துளை உள்ள முனையாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பின் நீட்டிக்கொண்டிருக்கும் கேபிளைச் செய்து, படகுக்குள் இருக்கும் ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முனை கழன்றால் 230 வோல்ட் கையில் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முதல் முறை ஓட்டியபோது, பேனலில் "துருவம் தலைகீழ்" (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன) என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. கேபிளைக் கழற்றி ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 115, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே 115. இந்த மாதிரிச் சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்திருக்க மாட்டார்கள், இரண்டு கம்பியும் மிதந்துகொண்டிருக்கும். கரை மின்சாரம் வாங்கும்போது அந்தச் சேர்ப்பு கரைப் பக்கமே இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பதால் பாதி வோல்ட்டில் மங்கலாக எரிகிறது.

விளக்கு எரிவதை விட்டுவிடலாம். கவலை வேறு இடத்தில். படகின் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), ஏதாவது சாதனத்தில் ஃபேஸ் உலோக உடம்பைத் தொட்டால் எர்த் வழியாகக் கசியும் மின்சாரத்தைப் பார்த்து விழ வேண்டும். நியூட்ரல் மிதந்தால் அந்தக் கசிவு திரும்பி வர வழியே இல்லை, ஆர்சிசிபி விழாது. முதல் கோளாறில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். அதனாலேயே ஒரு ஜெனரேட்டர், ஒரு சாதனம் என்று இருக்கும்வரை மிதப்பது பரவாயில்லை. உப்புக் காற்றில் பத்து சாதனமும் பழைய வயரும் உள்ள படகில் முதல் கோளாறு யாருக்கும் தெரியாமல் காத்திருக்கும், இரண்டாவது வரும்போதுதான் ஆளை அடிக்கும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று: ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது விழும்! அந்தப் பட்டன் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டுமே பயன்படுத்துகிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனைக் கருவியைச் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். அசையவில்லை.

தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, மின்பணியாளர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகு, ஜெனரேட்டரின் இரண்டாவது சாக்கெட்டில் செருக ஒரு பிளக் தயார் செய்தோம். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர் இணைக்கிறது, வேறெதுவும் இல்லை. அதைச் செருகியதும் மீட்டரில் 230, 230, பூஜ்யம். சிவப்பு விளக்கு அணைந்தது. சோதனைக் கருவியை அழுத்தியதும் ஆர்சிசிபி பட்டென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. இந்தச் சேர்ப்பைப் படகின் பேனலுக்குள் செய்துவிடாதீர்கள். கரை கேபிளைச் செருகும் நாளில் நியூட்ரல் மின்சாரம் எர்த் வழியாகவும் பிரிந்து ஓடும். அது ஜெனரேட்டரோடு வந்து ஜெனரேட்டரோடு போக வேண்டும். எங்கள் பிளக்குக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, ஜெனரேட்டரின் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன், தவறிப்போய் வேறு சாக்கெட்டில் யாரும் செருகக் கூடாது என்று.

இவ்வளவு யோசித்த நான், புகையைப் பற்றிப் பாதிதான் யோசித்திருந்தேன்.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். அதனால் ஜெனரேட்டரைப் பின்தளத்தின் கடைசியில், புகைக்குழாய் கடலைப் பார்க்க வைத்தால் புகை பின்னால் போய்விடும். இதுதான் எல்லோரும் சொல்வது, நாங்களும் அப்படியே வைத்தோம். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. ஒரு மாலை காற்று விழுந்து, லேசாக ஒரு மூச்சுக் காற்று மட்டும் மிஞ்சியது. அந்த நேரம் பார்த்து ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், திரும்பியது. படகு காற்றை விட்டுவிட்டு நீரோட்டத்துக்கு முகம் கொடுத்துத் திரும்பி நின்றுவிட்டது. இப்போது காற்று பின்பக்கத்திலிருந்து வருகிறது. புகை காக்பிட்டை (பின்தளத்தில் உட்காரும் பள்ளத்தை) தாண்டி, படி வழியாகக் கேபினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் முன்தளத்தில் கயிறு பின்னிக்கொண்டிருந்தேன். அப்பா கீழே படித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் குடிக்க இறங்கினேன். அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "லேசா தலை வலிக்குதும்மா. வயித்தைப் புரட்டுது. கடல் ஒத்துக்கல போல" என்றார்.

கடல் அன்றைக்குத் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அப்பாவுக்கு நடுக்கடலில் கூட ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. கேபினில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். திரையில் 84 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 84 பங்கு. சத்தம் மட்டும் இல்லை.

அது கெட்டுப்போகவில்லை, அதன் விதிப்படிதான் இருந்தது. படகுகளுக்கான ஐரோப்பிய தரம் ஈஎன் 50291-2. அந்தத் தரத்தில் 50 பிபிஎம் இருந்தால் அலாரம் 60 முதல் 90 நிமிடத்தில் கத்தும், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்தில், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஆரம்பிக்கும். படகில் இருப்பவர் அதைக் கடல் மயக்கம் என்றே நினைத்துக்கொண்டு, போய்ப் படுத்துவிடுவார். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது.

ஜெனரேட்டரை நிறுத்தி, அப்பாவை முன்தளத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, எல்லா மேல்கதவுகளையும் திறந்தேன். மருத்துவரிடம் காட்டினோம். சுத்தமான காற்றில் கூட, ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகுமாம். மறுநாள் காலையில் தலைவலி போயிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் விதிகள் மாறிவிட்டன. ஓடும்போது இரண்டு பேரும் மேலே இருப்போம், யாரும் தூங்குவதில்லை, யாரும் பின்பக்கம் நீந்துவதில்லை. 2000-இல் அமெரிக்காவின் பவல் ஏரியில், படகு வீடு ஒன்றின் பின்மேடைக்கு அடியில் ஜெனரேட்டர் புகை தேங்கியிருந்த இடத்துக்குள் நீந்திப்போன இரண்டு சகோதரச் சிறுவர்கள் இறந்துபோனார்கள். திறந்த வெளிதானே என்கிற நம்பிக்கை தண்ணீர் மட்டத்தில் செல்லாது.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் மட்டுமே இருந்த படகுக்குள் நாமே கொண்டுவந்து வைக்கிற ஆபத்து இது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், அங்கே ஒரு பொறி போதும். கேனும் ஜெனரேட்டரும் எங்கள் படகில் மேல்தளத்தை விட்டு இறங்குவதே இல்லை. எஞ்சின் ஆறிய பிறகுதான் நிரப்புவோம். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுவேன், இல்லாவிட்டால் பிசின் பிடித்துவிடும். படகு உருளும்போது ஜெனரேட்டர் தானாக நின்றால் பயப்பட வேண்டாம், எண்ணெய் குறைந்துவிட்டது என்று அதன் சென்சார் ஏமாந்திருக்கும்.

பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டினால் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கடைசி 20-ஐ ஏற்ற ஜெனரேட்டரை ஓட்டுவது பெட்ரோலுக்குக் கேடு. காலையில் ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டால் மிச்சத்தைச் சோலார் பார்த்துக்கொள்ளும், மேகத்துக்கு நடுவிலும்.

பின்கம்பியில் ஒரு கம்பளி நூல் கட்டியிருக்கிறோம். ஸ்டார்ட் செய்யும் முன் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பதும், ஓதம் எப்போது திரும்பும் என்று அட்டவணையில் பார்ப்பதும் அப்பாவின் பொறுப்பு. அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று காலை அவருடைய நோட்டில் இப்படி இருக்கிறது: "6.40 ஸ்டார்ட். நூல் பின்னால். ஓதம் திரும்புவது 9.15. 7.55 நிறுத்தம். அலாரம் 0."