முதல் காகிதம் யார் கையில்

போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வரும். காவல்துறை விதித்தொகுப்பான காவல் நிலை ஆணைகளில் 151-இன்படி விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். ஊரில் இதைத்தான் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்கிறார்கள். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தாலும், கொடுங்காயம் பட்டாலும், காவலில் சித்திரவதை செய்ததாகப் புகார் வந்தாலும் இந்த விசாரணை உண்டு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்தபோது வருவாய்த்துறையில் சேர்ந்தவன் நான். 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்த பிறகு தர்மபுரிப் பக்கமே நின்றுவிட்டேன். பணிக்காலத்தில் பெரும்பகுதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110, 145 பிரிவு வழக்குக் கட்டுகளோடு இந்த விசாரணைக் கட்டுகளும் வரும் சீட்டில் வேலை பார்த்தேன். சம்மன் தயாரிப்பது, சாட்சி சொல்வதை எழுதுவது, கட்டைக் கோத்து மேலே அனுப்புவது என் வேலை.

அந்தக் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கிச்சூட்டுக்குப் பொறுப்பு யார் என்பது பெரும்பாலும் முதல் இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. முதல் காகிதத்தை யார் எழுதுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நடந்ததாக நிற்கிறது. பிறகு வருகிற விசாரணை, கமிஷன், மேல்முறையீடு எல்லாம் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டியே காலத்தைக் கழிக்கின்றன.

எங்களுக்குக் கடிதம் வரும்போதே முதல் தகவல் அறிக்கை தயாராக இருக்கும். சுடப்பட்டவர் மேல் கொலை முயற்சி வழக்கு. பிடிக்கப் போனபோது அரிவாளை வீசினார், எச்சரித்தும் நிற்கவில்லை, தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது, காவலர் ஒருவருக்குக் கையில் காயம். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்கு ஒரே வாசகம். இப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். மணிக்கட்டில் வெட்டுப்பட்டுத் தையல் போட்ட காவலரிடம் வாக்குமூலம் வாங்கியவன் நான். அவர் சொன்னது உண்மை என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். உண்மையாக வெட்டுப்பட்டவரின் அறிக்கையும் அப்படி இல்லாத அறிக்கையும் ஒரே வாசகத்தில் இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது? நேர்மையான காவலருக்கும் இது அநியாயம்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். மலையடிவாரக் கிராமம். திருட்டு வழக்கில் தேடப்பட்ட பையன், விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். ஏரிக்கரையில் வைத்துப் பிடிக்கப் போனபோது தாக்கினான் என்பது எஃப்.ஐ.ஆர். அவன் அம்மாவை விசாரணைக்கு அழைத்திருந்தோம். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்தது அதே ஸ்டேஷன் காவலர். பஸ் ஏற்றிக் கூட்டிவந்ததும் அவரே. விசாரணை அறைக்கு வெளியே வராந்தாவில், கதவுக்கு நேராக நின்றுகொண்டார். அந்த அம்மா பேசப் பேச நடுவில் கண் கதவுப் பக்கம் போய்வந்தது.

எழுதி முடித்துக் கைரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினேன். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கீங்களான்னு படிச்சுக் காட்டுங்க. அப்புறம் ரேகை வெக்கறேன்.”

முதல் தாளிலிருந்து படித்தேன். பெயர், வயது, ஊர் முடிந்து அடுத்த பத்தி: ‘என் மகனுக்குக் கெட்ட சகவாசம் உண்டு. வீட்டுக்கு அடங்க மாட்டான். அடிக்கடி இரவில் வெளியே தங்கிவிடுவான்.’

“இதை நான் எங்க சொன்னேன்? வூட்டுல தூங்கினு இருந்தவனை ராத்திரி எழுப்பி இட்டுனு போனாங்கன்னுதானே வந்ததும் சொன்னேன். அது எங்க?”

முந்தின நாள் ஸ்டேஷனில் பதிந்த வாக்குமூலத்தின் நகல் கட்டில் இருந்தது. வேலை சுலபமாகட்டும் என்று தட்டச்சர் அதைப் பார்த்து முதல் தாளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். பல அலுவலகங்களில் வழக்கம் அதுதான். அன்றிருந்த கோட்டாட்சியர் செய்ததை நான் என்றும் மரியாதையோடு நினைப்பேன். வராந்தாவில் நின்ற காவலரை வளாகத்துக்கு வெளியே போய் இருக்கச் சொன்னார். புதுத் தாள் எடுத்து, அந்த அம்மா வாயால் சொன்னதை மட்டும் எழுதச் சொன்னார். தட்டச்சு செய்த பழைய தாளை நான் எடுக்கப் போனபோது, “கிழிக்காதீங்க, அதுவும் கட்டுலயே இருக்கட்டும்” என்றார். அதன் பிறகு அவர் இருந்தவரை எங்கள் சம்மன் எதுவும் ஸ்டேஷன் வழியாகப் போகவில்லை. கிராம உதவியாளர் மூலம் போனது. எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படாத ஒரு சீர்திருத்தம் அது. அவர் மாறுதலில் போனதும் பழையபடி ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது இரண்டு கதை எங்கள் முன்னால் இருந்தது. நள்ளிரவில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள் என்பது ஒன்று. விடியற்காலையில் ஏரிக்கரையில் எதிர்ப்பட்டான் என்பது மற்றொன்று. இதைத் தீர்க்க ஆள் பேச்சு வேண்டியதில்லை, பதிவேடுகள் போதும். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு, யார் யார் எத்தனை மணிக்கு எந்த வண்டியில் புறப்பட்டார்கள் என்ற குறிப்பு, துப்பாக்கியும் தோட்டாவும் வழங்கிய பதிவேடு, கேமராப் பதிவு. காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. நாங்கள் கேட்டபோது கேமரா பழுது என்று பதில் வந்தது. பழுது எந்தத் தேதியில் பதியப்பட்டது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று அடுத்த கடிதம் அனுப்பினோம். அதற்கு நான் அந்தச் சீட்டில் இருந்தவரை பதில் இல்லை.

மருத்துவமனையில் இன்னொரு காகிதம் இருக்கிறது. விபத்துப் பதிவேடு, எல்லோரும் சொல்வது ஏ.ஆர். காப்பி. எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார்கள், காயம்பட்டவர் தன் வாயால் என்ன சொன்னார் என்பதைப் பணியிலிருக்கும் டாக்டர் எழுதுகிறார். காவல்துறைக்காரர் எழுதாத முதல் காகிதம் இதுதான். காயத்தைப் பற்றி டாக்டர் எழுதும் இரண்டு வரிக்கு நான் பார்த்த எந்தச் சாட்சியத்தை விடவும் கனம் அதிகம். துப்பாக்கி முனை மிக அருகில் இருந்திருந்தால் தோலில் கருகலும் புகைக்கருமையும் படியும். சற்றுத் தள்ளி என்றால் வெடிமருந்துத் துகள் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். கைத்துப்பாக்கியில் சில அடி தாண்டினால் இரண்டுமே இருக்காது. ஓடுகிறவனைத் தூரத்திலிருந்து சுட்டதாக எஃப்.ஐ.ஆர். சொல்லி, காயத்தைச் சுற்றிக் கருமை இருக்கிறது என்று டாக்டர் எழுதினால் அந்த எஃப்.ஐ.ஆர். நிற்காது. ஆனால் நான் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல் ‘காலில் துப்பாக்கிக் காயம்’ என்பதோடு முடிந்துவிடும். அவசரத்தில் கத்தரித்து எறிகிற கைலியும் பேன்ட்டும்கூடச் சாட்சிதான், துகள் முதலில் துணியில்தான் படிகிறது. அதைக் காகித உறையில் போட்டு முத்திரை வைக்கச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒவ்வொரு இரவுப்பணி டாக்டருக்கும் கிடைக்க வேண்டும் என்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

விதி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிர அரசுக்கு எதிராக மக்கள் சிவில் உரிமைக் கழகம் நடத்திய வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. போலீஸ் சுட்டு உயிர் போனால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்துக் குழுவோ, மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்ட ஆயுதத்தைத் தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் முடிந்த கையோடு வீரப் பதக்கமோ முறை தாண்டிய பதவி உயர்வோ தரக் கூடாது. கொடுங்காயத்தோடு பிழைத்தவர்கள் விஷயத்திலும் முடிந்தவரை இவற்றைப் பின்பற்ற வேண்டும். அந்த ‘முடிந்தவரை’யில்தான் காலில் சுடுகிற வழக்குகள் எல்லாம் நழுவிப் போகின்றன. ஆள் சாகவில்லை, ஆணையம் வராது, பத்திரிகையில் நாலு வரி. பையன் வாழ்நாள் முழுக்க நொண்டுவான்.

இந்த மாவட்டத்துக்காரனுக்கு வாச்சாத்தியை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை, நடந்தது அதைவிடக் கொடுமை. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அன்றைய முதல் காகிதம் என்ன சொன்னது? ஊர் மக்கள் சந்தனக்கட்டை கடத்தினார்கள் என்று. அந்தக் காகிதத்தின் பேரில் பெண்களும் கைக்குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். அதைத் தாண்டி வர 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் எங்கள் துறைக்காரர்கள் 5 பேர். ‘போலீஸ் விவகாரம், நமக்கென்ன’ என்று சொல்கிற வருவாய்த்துறை நண்பர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

தூத்துக்குடியிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். 2018 மே 22-இல் ஸ்டெர்லைட்டை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைச் சுட்டபோது, சுடச் சொன்னதாகக் காகிதத்தில் இருந்தவை துணை வட்டாட்சியர்களின் பெயர்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீதும், அன்றைய கலெக்டர் மீதும், அந்தத் துணை வட்டாட்சியர்கள் 3 பேர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பந்தோபஸ்துக்கு நிர்வாக நடுவராக, அதாவது கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரத்தோடு, அனுப்பப்படும் ஒவ்வொரு துணை வட்டாட்சியரும் அந்த அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்தபின் ஜீப்பில் வைத்து நீட்டப்படும் உத்தரவில், சுடுவதற்கு முந்தைய நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க முடியாது என்று சொல்லும் தைரியம் அவருக்கு வேண்டும். சொன்னால் அவரைக் காப்பாற்ற மேலதிகாரியும் வேண்டும்.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ பஸ் மாறி மாறி வருகிறவர், எஸ்.பி.க்குக் கீழே வேலை செய்கிறவர் மேல் எஸ்.பி.யிடமே புகார் சொல்ல வேண்டும். இதை மாற்றாமல் சீர்திருத்தம் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோட்டாட்சியரும் எஸ்.பி.யும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் சட்டம் ஒழுங்கு பேசுகிறவர்கள் என்பதால், ஆர்.டி.ஓ. விசாரணையும் நீதித்துறை நடுவரிடம் போவதே சரி என்பது என் எண்ணம்.

டீக்கடையில் “நல்லாத்தான் சுட்டாங்க” என்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. அவர்கள் வீட்டில் நகை போயிருக்கும், பெண் பிள்ளைக்குப் பயந்திருப்பார்கள். ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில், பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூப்போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், 10 போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று எழுதியது. இந்த ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகும் யாராவது தேடி வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் மருத்துவமனைக் கட்டிலுக்கே வருவார். எத்தனை மணிக்கு, எங்கிருந்து கூட்டிப்போனார்கள் என்பதைக் காயம்பட்டவர் அவரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஏ.ஆர். காப்பி கேட்டு மனுக் கொடுங்கள். ஸ்டேஷன் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரி முதல் வாரத்திலேயே எஸ்.பி.க்கும் நீதிமன்றத்துக்கும் எழுதுங்கள். விசாரணை நடுநிலையாக இல்லை என்று பட்டால் மாவட்ட அமர்வு நீதிபதியிடம் முறையிடலாம் என்று 2014 தீர்ப்பிலேயே இருக்கிறது, அந்த வரியை மனுவில் குறிப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மனுவைக் கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஆபீஸ் படியிறங்க வேண்டும்.