பின்கண்ணாடியும் முகப்பும்: ஓர் ஈரோட்டுப் பயணம்

ஈரோட்டிலிருந்து நேற்றிரவுதான் திரும்பினேன். எரிச்சலும் பூரிப்பும் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோவை காந்திபுரத்தில் நான் ஏறிய தனியார் பேருந்தில் இன்ஜினை ஒட்டிய இருக்கைதான் கிடைத்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டரும் காதைப் பிளக்கும் பாட்டு. நடத்துநர் தரவேண்டிய 30 ரூபாய் மீதியைக் கடைசிவரை தரவேயில்லை. இவற்றையெல்லாம் மறந்திருப்பேன், ஆனால் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, வண்டியின் பின்கண்ணாடியை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு சாதிப் பெயர் பளபளத்ததே, அதை மறக்க முடியவில்லை. இரண்டு கிலோமீட்டருக்கு 200 ரூபாய் வாங்கிய ஆட்டோக்காரரால், நகலெடுக்க ஒதுக்கியிருந்த பணமும் பாதிக்குமேல் கரைந்தது.

நான் தேடிப் போனது, சிற்றிதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வீட்டை. “மொதல்ல அட்டையப் பாருங்க கண்ணு, உள்ள அப்புறம் போலாம்” என்று ஒரு கட்டை அவிழ்த்தார். தீபாவளி மலரென்றால் தெய்வப் படம், மற்ற வாரங்களில் நடிகையின் சிரிப்பு என்று வணிக இதழ்கள் பழக்கிவிட்ட கண்களுக்கு, 1968-இல் சேலத்திலிருந்து கவிஞர் சி. மணியின் முயற்சியில் தொடங்கிய ‘நடை’யும், 1970-இல் சென்னையில் தொடங்கிய ‘கசடதபற’வும் வேறொரு பார்வையைக் கொடுத்தன. ஆதிமூலம் போன்ற ஓவியர்களின் கோடுகள் அவற்றில் கதைக்குத் துணைப்படமாக நிற்காமல், தம்மளவிலேயே பேசின. கோவையில் 1971-இல் பிறந்த ‘வானம்பாடி’ இன்னும் ஒரு படி மேலே போய், ‘விலையிலாக் கவிமடல்’ என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. விற்பனைக்காக அட்டை போடும் உலகில், விலையையே மறுத்த அந்தத் துணிச்சலுக்கு ஈடாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

நடுவில் சாப்பாடு. நல்லெண்ணெயில் தாளித்த அரிசிம்பருப்புச் சோறு, மேலே உருகும் நெய், தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர். கோவையின் பெரிய உணவகம் எதிலும் இந்தச் சுவையை நான் கண்டதில்லை; மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகுதான் ‘குடி அரசு’ நகல்களை எடுத்தார். பெரியார் 1925 மே 2 அன்று இதே ஈரோட்டில் தொடங்கிய வார இதழ். 1927 டிசம்பர் 18 இதழில் ஆசிரியரான பெரியாரின் பெயரோடு ‘நாயக்கர்’ என்ற சாதிப் பட்டம் இருந்தது. டிசம்பர் 25 இதழில் அது இல்லை. சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929 பிப்ரவரியில். அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பாகவே, ஆசிரியர் தம் பெயரிலிருந்தே அதைத் தொடங்கியிருந்தார். அதே டிசம்பர் 25 அன்றுதான் மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. படமோ வண்ணமோ தேவைப்படாமல், அச்சுக்கோத்த ஒரு சொல்லை எடுத்துவிட்டே ஓர் இதழ் தன் ஊரின் வழக்கத்தோடு மோதியிருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஊருக்கு ஓடும் பேருந்து அந்த வழக்கத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பும் பயணச்சீட்டுக்கு எடுத்து வைத்ததுபோக, நகலெடுக்கக் கையில் மிஞ்சியது பத்து ரூபாய். டிசம்பர் 18, டிசம்பர் 25 ஆகிய இரண்டு பக்கங்களை மட்டும் நகலெடுத்து, கசங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தே வந்தேன்.