பக்கத்து வீட்டு அங்கிளுக்கு லினக்ஸ் மிண்ட் போட்டுக் குடுத்த கதை

சிங்கப்பூர் ஈசூன்ல எங்க புளோக்ல, பக்கத்து வீட்டு அங்கிள் லிஃப்ட்ல வச்சுக் கேட்டாரு, "தம்பி, என் லேப்டாப்ப தூக்கிப் போடச் சொல்றாங்கப்பா, நீ ஒரு தடவ பாரேன்". 2015ல வாங்குனது, விண்டோஸ் 10. அதுக்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, விண்டோஸ் 11 போடலாம்னா இன்டெல் சிப்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும், இவரோடது அஞ்சாவது. கடைல புதுசு வாங்கச் சொல்லிட்டாங்களாம். ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தூக்கிப் போட எனக்கே மனசு வரல. விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுருவோம் அங்கிள், அதுவும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்தான்னேன். "அது கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்குல்ல?"ன்னாரு.

ரேம் 4 ஜிபிதான், அதனால லினக்ஸ்ல ஒரு வகையான மிண்ட், அதுலயும் எக்ஸ்எஃப்சிஇங்கிற பதிப்ப எடுத்தோம், அது லேசானது. அதோட இன்ஸ்டால் ஃபைல, ஐஎஸ்ஓம்பாங்க, டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு வைங்கன்னு வாட்ஸப்ல சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன், சாயங்காலம் வந்தா பென்டிரைவ்லேர்ந்து லேப்டாப் பூட்டே ஆகல. என்னன்னு பாத்தா போட்டோ காப்பி பண்ற மாதிரி இழுத்துப் போட்டு வச்சிருக்காரு. தப்பு என்னோடதுதான், ரூஃபஸ்ங்கிற சாஃப்ட்வேர் வச்சு எழுதணும்னு நான் சொல்லவே இல்ல. எழுதிட்டு, ஆன் பண்ணும்போது எஃப்12 தட்டி, இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பாத்தோம். சவுண்ட் ஓகே, கேமரா ஓகே, வைஃபை மட்டும் காணோம். பிராட்காம் கம்பெனி வைஃபை கார்டு, லினக்ஸ்ல தனியா டிரைவர் கேக்கும், வேறென்ன. என் போன கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணதும் போன் வழியா நெட் வந்துச்சு, மிண்ட்ல இருக்குற டிரைவர் மேனேஜர் வைஃபை டிரைவர அதுவே கண்டுபிடிச்சுக்கிச்சு.

போட்டோ, டாக்குமென்ட்ஸ் எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல எடுத்து வச்சிட்டு விண்டோஸ மொத்தமா அழிச்சு இன்ஸ்டால் பண்ணோம், அரை மணி நேரம்கூட ஆகல. அப்டேட் போட டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கிற விண்டோல, அவரையே டைப் பண்ணச் சொன்னேன் (மவுஸ்லயே பண்ணலாம், எனக்குத்தான் பழக்க தோஷம்). பாஸ்வேர்ட் கேக்குது, மனுஷன் தட்டுறாரு, ஸ்கிரீன்ல எழுத்து வரல, வெறும் நட்சத்திரக் குறிதான் வருது. "கீபோர்டு போச்சு தம்பி"ன்னு ஒவ்வொரு கீயா அமுக்கிப் பாக்குறாரு. அது அப்படித்தான் அங்கிள், பாஸ்வேர்ட் எழுத்தக் காட்டாது, தட்டிட்டு எண்டர் அடிங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்.

பெரிய கூத்து அதுக்கப்புறம்தான். கோயில் வேலைக்காக வருஷக்கணக்கா அவரு டைப் பண்ணி வச்ச நோட்டீஸ், தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்குறவங்க லிஸ்ட்டுன்னு நூத்துக்கு மேல ஃபைல். மிண்ட்ல வேர்டுக்குப் பதிலா இருக்குற லிப்ரே ஆபிஸ்ல திறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல, எல்லாம் கிறுக்கல். அங்கிள் முகமே மாறிப்போச்சு. யோசிச்சுப் பாத்தா, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி பழகுன ஆளு, டிஸ்கிங்கிற பழைய முறை ஃபான்ட்லயே இன்னிக்கு வரைக்கும் அடிச்சிருக்காரு, அந்த ஃபான்ட் இல்லாட்டி எழுத்து கிறுக்கலாத்தான் தெரியும். அந்த ஃபான்ட் விண்டோஸுக்குள்ள இருந்துச்சு, நாந்தான் அழிச்சிட்டேனே! டாக்குமென்ட எடுத்தேன், ஃபான்ட எடுக்கல, பத்து பேருக்காவது லினக்ஸ் போட்டுக் குடுத்திருப்பேன், இது தோணவே இல்ல. நல்லவேளை, ஆண்ட்டி ஷோகேஸுக்கு அடியிலேர்ந்து ஒரு பழைய சிடிய தூசி தட்டிக் கொண்டாந்தாங்க, "இத தூக்கிப் போடுன்னு உங்க அங்கிள் நாலு தடவ சொன்னாரு"ன்னு ஒரு குத்தல் வேற. அதுல இருந்த ஃபான்ட் ஃபைல (டிடிஎஃப்), ஹோம் ஃபோல்டர்ல முன்னால புள்ளி வச்சு '.fonts'னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி உள்ள போட்டோம் (கன்ட்ரோல் எச் அடிச்சாத்தான் அது கண்ணுக்குத் தெரியும்), லிப்ரே ஆபிஸ மூடித் திறந்ததும் முருகன் பேரு தமிழ்ல வந்து நின்னுச்சு.

புதுசா அடிக்கிறதுக்கு ஐபஸ்ங்கிற டைப்பிங் சாஃப்ட்வேர்ல தமிழ்99 கீபோர்டு வச்சுக் குடுத்தேன், அவருக்கு ஒத்து வரல, ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழா மாறுற போனெட்டிக்குக்கு மாத்திட்டேன். அரசாங்க சேவைக்கு லாகின் பண்ற சிங்பாஸ் வேலை செய்யுமான்னுதான் ரொம்ப பயந்தாரு, பிரவுசர்ல வர்ற கியூஆர போன்ல ஸ்கேன் பண்ணாரு, உள்ள போயிருச்சு.

இப்ப பழைய ஃபைல கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்திக்கிட்டு இருக்காரு, ஒரு நாளைக்கு ரெண்டு. பிரிண்டர்ல ஸ்கேன் மட்டும் இன்னும் வரல, ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கேன்.