டைட்டில் ஓரத்துக் கறுப்புக் கோடு ஒருவழியாகப் போய்விட்டது

அரங்கேற்ற வீடியோவின் முகப்பு டைட்டில் இப்போது சுத்தமாக இருக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் போகவேண்டிய டைட்டில். வெள்ளை எழுத்து, பின்னால் பொன்னிறக் கிளோ, கீழே மெல்லிய நிழல். இருட்டு மேடை ஷொட்டில் ஒரு குறையும் தெரியாது. மண்டபத்தின் வெளிர் சுவர் பின்னணியாக வந்தவுடன் ஒவ்வோர் எழுத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்ததுபோல் ஒரு கோடு.

ஃபெதர் போட்டு ஓரத்தை மென்மையாக்குவது, சோக்கர் போட்டு ஓரத்தைச் சுருக்குவது, இதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் வைத்தியம். தமிழ் டைட்டிலுக்கு அதைச் செய்யவே கூடாது. சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி நாலைந்து பிக்சல் அகலம்தான் வரும், அதிலும் பெரும்பகுதி அரைகுறை ஒளிபுகும் ஓரப் பிக்சல். ஒரு பிக்சல் சுருக்கினால் புள்ளி மங்கும், இரண்டு சுருக்கினால் 'ன்' போய் 'ன' ஆகிவிடும். அரங்கேற்றப் பிள்ளையின் பெயரிலே அப்படி நடந்தால் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

கோளாறு எழுத்தில் இல்லை, அல்ஃபா சனலை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் பின்னணியை எவ்வளவு மறைக்கும் என்ற தகவலை, சொஃப்ட்வெயர் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. ஸ்ட்ரெயிட் (நிறம் அப்படியே இருப்பது), பிரீமல்டிப்ளைட் (நிறம் ஏற்கெனவே அல்ஃபாவால் பெருக்கப்பட்டிருப்பது) இரண்டும் தெரிந்தவர்களுக்கும் கறுப்புக் கோடு ஏன் வெளிர் பின்னணியில் மட்டும் வருகிறது என்பது பிடிபடுவதில்லை. கணக்குப் போட்டால் உடனே விளங்கும்.

வெள்ளை எழுத்தின் ஓரத்தில் அல்ஃபா 50 வீதம் உள்ள ஒரு பிக்சலை எடுங்கள். ஸ்ட்ரெயிட் ஃபைலில் அதன் நிறம் 255 என்றே இருக்கும் (0 கறுப்பு, 255 வெள்ளை). கறுப்போடு பிரீமல்டிப்ளை செய்த ஃபைலில் அது ஏற்கெனவே பாதியாகி 128 ஆக இருக்கும். பின்னணிச் சுவர் 220 என்று வையுங்கள். சரியான விடை, 255இல் பாதியும் 220இல் பாதியும் சேர்ந்து 238. பிரீமல்டிப்ளைட் ஃபைலை ஸ்ட்ரெயிட் என்று வாசித்தால் அந்த 128 மறுபடியும் பாதியாகி 64, அதோடு 110 சேர்ந்து 174. எழுத்து 255, சுவர் 220, நடுவில் நிற்பது இரண்டையும்விட இருண்ட 174! அதுதான் கோடு. இதே பிக்சலை 20 அளவுள்ள இருட்டு மேடையில் போட்டால் 138 வரவேண்டிய இடத்தில் 74 வரும். 74 என்பது 20க்கும் 255க்கும் இடைப்பட்டதுதானே. அதனால் கோடாகத் தெரியாது, எழுத்து கொஞ்சம் மெலிந்ததுபோலத்தான் தெரியும்.

நிழலை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கறுப்பை எதால் பெருக்கினாலும் 0தான், இரண்டு வாசிப்பிலும் நிழல் ஒன்றுபோலவே வரும். கிளோதான் காட்டிக்கொடுக்கும். பிரீமல்டிப்ளைட்டை ஸ்ட்ரெயிட்டாக வாசித்தால் பொன்னிறம் அழுக்கு மண்ணிறமாகும். மறுபக்கம், ஸ்ட்ரெயிட் ஃபைலைப் பிரீமல்டிப்ளைட் என்று வாசித்தால் ஓரம் வெளிறி மின்னும், மென்மையாகக் கரையவேண்டிய கிளோ திட்டாக நிற்கும். டைட்டிலுக்குக் கீழே ஒரு தரம் நடுச் சாம்பல், ஒரு தரம் கடும் சிவப்புக் கலர் மேட் (ஒரே நிறத் தளம்) வைத்து 400 வீதம் சூம் செய்து பார்த்தால் எந்தப் பக்கப் பிழை என்று சொல்லிவிடலாம். பிளேபேக் ரெசொலூஷன் கட்டாயம் ஃபுல்லில் இருக்கவேண்டும். கால்வாசியில் வைத்துப் பார்த்து "கோடு இல்லை" என்று முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

திருத்தும் இடம் ஒவ்வொரு சொஃப்ட்வெயரிலும் வேறு. ஆஃப்டர் இஃபெக்ட்ஸில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜுக்குள் போய் ஸ்ட்ரெயிட் அல்லது பிரீமல்டிப்ளைட்டைக் கையால் தெரிவுசெய்யலாம், எந்த நிறத்தோடு பிரீமல்டிப்ளை செய்தது என்பதையும் கொடுக்கலாம். 'கெஸ்' பட்டனை நம்பவேண்டாம், கிளோ உள்ள டைட்டிலில் அது தடுமாறும். டாவின்சி ரிசொல்வில் மீடியா பூலில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து கிளிப் அட்ரிபியூட்ஸில் அல்ஃபா மோடை மாற்றவேண்டும். ஃபியூஷனுக்குள் டைட்டிலுக்கு நிறம் திருத்துபவர்கள் கலர் கரெக்டரில் பிரீ-டிவைட், போஸ்ட்-மல்டிப்ளை பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அது இல்லாமல் லிஃப்டை (இருண்ட பகுதியின் அளவை) உயர்த்தினால் வெறுமையாக இருக்கவேண்டிய இடமும் சேர்ந்து உயர்ந்து, ஃபிரேம் முழுக்கச் சாம்பல் படலம் படியும்.

பிஎன்ஜி ஃபைலில் குழப்பம் குறைவு. அதன் வரையறைப்படியே அல்ஃபா ஸ்ட்ரெயிட்தான். ஓபன் இஎக்ஸ்ஆர் வழக்கமாகப் பிரீமல்டிப்ளைட். டிஃப் இரண்டாகவும் இருக்கலாம், வாங்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். வெள்ளைத் தாளில் வரைந்த லோகோவை மெஜிக் வொண்டால் வெட்டி அனுப்பினால் அது வேறு நோய். அங்கே வெள்ளை ஓரம் நிறத்துக்குள்ளேயே கலந்துவிட்டது, வாசிப்பை மாற்றி ஒன்றும் ஆகாது. ஃபொட்டோஷொப்பில் லேயர் மெனுவின் மேட்டிங்கில் ரிமூவ் வைட் மேட் கொடுங்கள், அதிலும் போகாவிட்டால் டிஃப்ரிஞ்ச்.

கிளோவில் இன்னொரு பொறி உண்டு. ஃபொட்டோஷொப்பின் அவுட்டர் கிளோ ஸ்கிரீன் பிளெண்டில்தான் (கீழுள்ள படத்தை வெளிச்சமாக்கும் கலவை) வரும். பிஎன்ஜிக்குள் பிளெண்ட் மோட் போகாது, அதனால் வீடியோவுக்கு மேல் வரும்போது பளபளப்புச் செத்து வெறும் மஞ்சள் மூட்டமாகும். இதற்கு அல்ஃபாவோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. கிளோவை மட்டும் தனியாகக் கறுப்புப் பின்னணியில் எடுத்து, டைம்லைனில் எழுத்துக்குக் கீழ் ட்ராக்கில் வைத்து, அங்கேயே ஸ்கிரீன் போடுங்கள். இந்த டைட்டிலில் பெரிய வித்தியாசம் தந்தது இதுதான். பொன்னிறம் பொன்னிறமாகவே நிற்கிறது, எழுத்து பிஎன்ஜி ஸ்ட்ரெயிட்டாகத் தனியே மேலே. இரண்டும் 1920க்கு 1080 அளவில், டைம்லைனில் ஸ்கேல் செய்யாமல்.

எழுத்தை ஃபொட்டோஷொப்பில் செய்வதற்குக் காரணம் தமிழும் சிங்களமும் அங்கே உடையாமல் வருவதுதான். பிரிமியரிலேயே அடிப்பதானால் ப்ரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் சவுத் ஏசியன் டெக்ஸ்ட் எஞ்சினுக்கு மாற்றினால் கொம்புகள் இடம் மாறாது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி ஃபொன்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, ஆனால் ஒரு பெயரைப் பிறகு திருத்தவேண்டி வந்தால் தலையிடி அவர்களுக்குத்தான்.

அடுத்தது ஆடிவேல் விழா வீடியோவுக்கு அசையும் பெயர்ப்பட்டை. எச் 264 எம்பி4இல் அல்ஃபா நிற்காது, கறுப்புப் பெட்டியாகத்தான் வரும். பென் டிரைவில் விற்கும் டெம்பிளேட் தொகுப்புகளில் பாதி இப்படி எம்பி4, காசு கொடுக்கமுன் ஒன்றைத் திறந்து பாருங்கள். அல்ஃபாவோடு வேண்டுமென்றால் பிராரெஸ் 4444 (422இல் அல்ஃபா கிடையாது), அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் 444, சினிஃபார்ம். பிராரெஸ் 4444 1080இல், நொடிக்கு 29.97 ஃபிரேமில், ஏறக்குறைய 330 மெகாபிட்; பத்து நொடிப் பட்டைக்கே 400 மெகாபைட் தாண்டலாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எஸ்எஸ்டி விலை விசாரித்த பிறகுதான் முழுத் தொகுப்பையும் ரெண்டர் போடுவது.

எம்பி4தான் இருக்கிறது என்றால் நிறம் ஒரு ஃபைல், கறுப்பு வெள்ளை மேட் (வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும்) ஒரு ஃபைல் என இரண்டாக எடுத்து, பிரிமியரில் ட்ராக் மேட் கீயில் மேட் லூமா கொடுக்கலாம். மேட்டின் கறுப்பு 0ஆக இருக்கிறதா என்று ஸ்கோப்பில் பாருங்கள். 16இல் நின்றால் ஃபிரேம் முழுவதும் 6 வீதம் மூடியிருக்கும். பெயர்ப்பட்டையின் நிறம், மேட் இரண்டும் எக்ஸ்போர்ட் ஆகிவிட்டன. மேட்டின் கறுப்பு இன்னும் 16இல்தான் நிற்கிறது, லெவல்ஸில் 16ஐ 0க்கும் 235ஐ 255க்கும் இழுத்துவிட்டு மறுபடி சிவப்புக் கலர் மேட்டுக்கு மேல் வைத்துப் பார்க்கவேண்டும்.