சிலிண்டருக்குள் ஒரு கிலோ வாயு: வேலையும் வெப்பமும் கணக்கிட்ட அனுபவம்

ஊட்டியில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா மகள் கோவையில் இயந்திரவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது வெப்ப இயக்கவியலில் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். பிஸ்டன் பொருத்திய சிலிண்டரில், ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் வாயுவான ஆர்-134ஏ 1 கிலோ இருக்கிறது. முதலில் 200 கிலோபாஸ்கல் அழுத்தம், 10 டிகிரி வெப்பநிலை. அமுக்கிய பிறகு 800 கிலோபாஸ்கல், 50 டிகிரி. அழுத்தத்தைப் பருமனின் ஒரு குறிப்பிட்ட அடுக்கால் பெருக்கினால் வழி நெடுக ஒரே எண் வரும். வாயு மீது செய்யப்பட்ட வேலை எவ்வளவு, வெப்பம் உள்ளே வந்ததா, வெளியே போனதா? நாள்தோறும் கம்ப்ரஸரைத் தொட்டுப் பார்க்கிறவனுக்கு இதைவிட நெருக்கமான கேள்வி இருக்க முடியாது. இருவரும் உட்கார்ந்தோம்.

முதல் வேலை, இது வாயுதானா என்று உறுதிசெய்வது. 200 கிலோபாஸ்கலில் ஆர்-134ஏ கொதிக்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 10 டிகிரி. 800-இல் சுமார் 31 டிகிரி. இரண்டு நிலைகளும் அவற்றுக்கு மேலே இருப்பதால் திரவம் எங்கும் இல்லை. அடுத்து, பள்ளியில் படித்த நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை நம்பலாமா என்று பார்த்தோம். அதன்படி முதல் பருமன் 115.4 லிட்டர், ஆர்-134ஏ-வின் பண்புகளைத் தொகுத்த அட்டவணை சொல்வது 109.6. இறுதியில் அது 32.9 என்கிறது, அட்டவணையோ 28.5. அழுத்தம் ஏற ஏற விலகல் பெரிதாகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் அளவுக்கு நெருங்கிவிட்ட வாயு இது. அட்டவணையைத் திறக்காமல் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது.

அட்டவணைப் பருமன்களிலிருந்து அடுக்கெண் 1.0308 என்று வந்தது. இங்கே மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வேலைக்கான சூத்திரத்தில், அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் எண் எவ்வளவு கூடியது என்று பார்த்து, அதை அடுக்கெண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதால் வகுக்கிறோம். 1.03 என்று சுருக்கிவிட்டால் விடை 30.9 ஆகிவிடும், நான்கு தசம இடங்களையும் வைத்திருந்தால் 30.1. ஆகவே வாயு மீது செய்யப்பட்ட வேலை 30.1 கிலோஜூல். அதன் அக ஆற்றலோ (வாயுவுக்குள்ளேயே இருக்கும் ஆற்றல்) 239.67-இலிருந்து 263.86-க்கு, அதாவது 24.2 மட்டுமே உயர்ந்தது. மீதி 5.9 கிலோஜூல் சிலிண்டர் சுவர் வழியாக வெளியேறியிருக்கிறது. கொடுத்த வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) மாறாமல், வெப்பமே வெளியேறாமல் அமுக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் பார்த்தோம். வெப்பநிலை 57 டிகிரியை நெருங்கியிருக்கும். வேலையைக் கணக்கிட்டால் அதுவும் 30.1! அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, குளிர வைத்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறையும் என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்? இங்கே கொஞ்சமும் குறையவில்லையே?"

அருமையான கேள்வி. பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூட இதற்கு விடை எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. வெப்பம் வெளியேறும்போது ஒவ்வொரு பருமனிலும் அழுத்தம் சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனால் 800-ஐத் தொட வேண்டுமானால் பிஸ்டன் இன்னும் உள்ளே போக வேண்டும்: 29.5 லிட்டரில் நிற்காமல் 28.5 வரை. குறைந்த விசையில் மிஞ்சியது கூடுதல் தூரத்தில் செலவாகிவிடுகிறது.

ஓடும் கம்ப்ரஸர் அப்படியல்ல. அது வாயுவை உள்ளே இழுக்கிறது, அமுக்குகிறது, வெளியே தள்ளவும் செய்கிறது. உள்ளே வரும் வாயு 21.9 கிலோஜூல் கொடுக்கிறது. வெளியே தள்ள, குளிர்ந்த வழியில் 22.8 ஆகிறது, குளிராத வழியில் 23.6. கூட்டிக் கழித்தால் முதலாவதற்கு மொத்தம் 31.0, இரண்டாவதற்கு ஏறத்தாழ 31.75. குளிர்ச்சியால் வரும் மிச்சம் தள்ளும் இடத்தில்தான் கிடைக்கிறது. மூடிய சிலிண்டரையும் கம்ப்ரஸரையும் ஒரே பொருளாக நினைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று மலைக்காரர்களுக்கானது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேரும்போது உப்பியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். கடல் மட்டத்தில் 101. பிஸ்டனின் மறுபுறம் வெளிக்காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது அல்லவா? பருமன் 81 லிட்டர் குறையும்போது ஊட்டிக் காற்று 6.2 கிலோஜூல் வேலையைத் தானே செய்துவிடுகிறது. சென்னைக் காற்று 8.2 செய்யும். ஆகவே பிஸ்டன் தண்டைத் தள்ளுகிறவர் ஊட்டியில் இரண்டு கிலோஜூல் அதிகம் செலவழிக்க வேண்டும். வாயுவுக்குப் போய்ச் சேரும் 30.1 மட்டும் எங்கும் மாறாது.

கடையில் கேஸ் ஏற்றும்போதும் இதே விஷயம் குறுக்கே வருகிறது. கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தம். உண்மையான அழுத்தம் 200 என்றால் ஊட்டியில் முள் 123-இல் நிற்கும், சென்னையில் 99-இல். கேஜின் முகத்தில் அச்சிட்ட, வாயு கொதிக்கும் வெப்பநிலை அளவு கடல் மட்டத்துக்கானது. அதை அப்படியே படித்தால் மைனஸ் 10-ஐ மைனஸ் 7 என்று எடுத்துக்கொள்வோம். கேஸ் கூடிவிட்டது என்று நினைத்து வெளியே விடத் தோன்றும்.

கணக்கில் "கேஜ் அழுத்தம்" என்று இருந்தால் முதலில் வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டி முழு அழுத்தமாக மாற்றிக்கொண்டு அட்டவணைக்குப் போங்கள். கேள்வியில் 101 கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். இடம் ஊட்டி என்று மட்டும் சொல்லியிருந்தால் 77-ஐக் கூட்டுங்கள்.