டேபிள் சா வாங்க மூலைமட்டத்தோடு போங்கள்

பெஞ்சு, ஸ்டூல், புத்தக அலமாரி என்று நான் செய்தவற்றின் படத்தைப் போடும்போதெல்லாம் யாராவது ஒருவர் "டீச்சர், எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டுவிடுகிறார். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மாடு இல்லாமல் சும்மா கிடந்த தொழுவத்தை மரவேலைக்கு ஒதுக்கி, அதற்கு ஒரு டேபிள் சாவும் (மேசை நடுவில் வட்ட ரம்பம் மேலே எட்டிப் பார்க்கிற மெஷின், மரத்தைத்தான் அதற்குள் தள்ள வேண்டும்) பார்த்து வாங்கியவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். தச்சுவேலை எங்கள் வீட்டுத் தொழில் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெரும்பாலும் பிளைவுட்டில்தான் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தச் செலவே வேண்டாம். 8க்கு 4 ஷீட்டு, 18 மி.மீ. கனம், எடை முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைச் சின்ன மேசையில் ஏற்றி, ஒற்றை ஆளாகப் பிளேடுக்குள் தள்ளுவது நடக்கிற காரியமில்லை. ஷீட்டு வாங்குகிற இடத்திலேயே பேனல் சா இருந்தால் அளவைச் சொல்லி வெட்டி வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கையில் பிடிக்கிற சர்க்குலர் சாவும் நேரான ஒரு அலுமினியப் பட்டையும் போதும். டேபிள் சாவின் அருமை தெரிவது கட்டை மரத்தை நீளவாக்கில் ஒரே அகலமாகப் பிளக்கும்போதுதான்.

எனக்கு வேலையே அதுதான். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் நின்றுவிடுவேன். கைமரம், நிலை, உத்திரத் துண்டு என்று கிடைப்பதை எடுத்து வருவேன். விற்கிறவர் எல்லாவற்றையும் பர்மா தேக்கு என்றுதான் சொல்வார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வைரம், அதாவது மரத்தின் உள்ளே முற்றிய கெட்டிப் பகுதி, இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இந்த மரத்தை அறுவை மில்லில் எடுக்க யோசிப்பார்கள். உள்ளே ஆணி முறிந்து கிடந்தால் அவர்களுடைய பட்டை ரம்பம் போய்விடும் என்ற பயம், நியாயமான பயம். ஆகவே வீட்டிலேயே பிளந்தாக வேண்டியிருந்தது.

எங்கள் ஆசாரிக்கு நான் மெஷின் தேடுவதே வேடிக்கையாக இருந்தது. அவரிடம் இருப்பது மார்பிள் கட்டர். அதை ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகத் திருகியிருக்கிறார், 4 இஞ்சு பிளேடு மேலே எட்டிப் பார்க்கும். சுவிட்சை அழுத்தினபடியே கம்பி சுற்றிக் கட்டியாயிற்று. ஆன், ஆஃப் எல்லாம் சுவரில் இருக்கிற பிளக்கில்தான். "இத வச்சே நான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முழு வேலயும் பாத்துருக்கேன் டீச்சர். நீங்க எதுக்கு அம்புட்டு ரூவாயக் கொண்டு கொட்டுதீய?" என்றார்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் பாதி இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது, அதனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பலகையின் கனம் போக அந்தப் பிளேடில் ஒரு இஞ்சு ஆழம்கூட மிஞ்சாது. கைமரத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அறுத்தாலும் நடுவில் படி விழும், அப்புறம் அதை இழைத்துத் தீர்க்க வேண்டும். கல் வெட்டுவதற்காகச் செய்த கருவி, ஓட்டமும் ரொம்ப அதிகம். மேலே மூடி கிடையாது, மரம் இறுக்கினால் தடுக்கப் பின்னால் எதுவும் கிடையாது. அவருடைய இடதுகை மோதிரவிரலின் நுனியைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கடையில் கிடைப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, தூக்கிக்கொண்டு போகிற வகை. போஷ், மக்கிட்டா, டிவால்ட் என்று எல்லாரும் செய்கிறார்கள். 10 இஞ்சு பிளேடு, அலுமினிய மேசை, 1500 முதல் 2000 வாட்ஸ் வரை மோட்டார், எடை இருபதிலிருந்து முப்பத்தைந்து கிலோ. சத்தம் காதைப் பிளக்கும். இன்னொன்று, நம் நாட்டிலேயே இரும்புச் சட்டத்தில் அடித்து, இண்டக்‌ஷன் மோட்டாரும் பெல்ட்டும் போட்டு வருவது. சத்தம் குறைவு, மோட்டார் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் நான் பார்த்தவற்றில் கைடு (மரத்தை ஒட்டி நகர்த்துகிறோமே அந்தச் சட்டம்) என்ற பெயரில் ஒரு எல் ஆங்கிளும் இரண்டு போல்ட்டும்தான் இருந்தன. மூன்றாவது, வார்ப்பிரும்பு மேசையோடு வரும் கேபினெட் சா. 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் மோட்டார், நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத எடை. அருமையான பொருள்தான். எங்கள் தொழுவத்துத் தரை தாங்காது, எங்கள் வீட்டு பட்ஜெட் அதற்கு முன்பே உட்கார்ந்துவிடும்.

முதல் வகையில் விலை, ஏறக்குறைய ஒரு புது ஸ்கூட்டர் விலையில் பாதி. கடைக்காரர்கள் உடனே வாட்ஸ் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். "இது 1800 மேடம், அது 1500தான்" என்பார்கள். வீட்டு வேலைக்கு 1500 தாராளம். மெதுவாகத் தள்ளினால் முடிந்தது. பணம் போக வேண்டிய இடம் கைடு. அது பிளேடுக்கு இணையாக நிற்கிறதா, நகர்த்தி நகர்த்திப் பூட்டினாலும் ஒவ்வொரு முறையும் இணையாக நிற்கிறதா என்பதில்தான் நல்ல மெஷினும் சுமார் மெஷினும் பிரிகின்றன. இது பெட்டியின்மேல் அச்சடித்திருக்காது.

அதனால்தான் மூலைமட்டத்தோடு (செங்கோணம் பார்க்கிற கருவி, அளவுகோலை நீட்டிப் பூட்டுகிற வகை) போகச் சொல்கிறேன். நெல்லை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் "பெட்டியப் பிரிச்சா அப்புறம் நான் யார்ட்ட மேடம் விக்க?" என்று மறுத்துவிட்டார்கள். இன்னொரு கடையில் காட்சிக்கு வைத்த மெஷினைத் தொட விட்டார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை முழுக்க உயர்த்தினேன். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்தேன். மூலைமட்டத்தை மேசையில் இருக்கிற பள்ளத்தின் விளிம்போடு ஒட்டி வைத்து, அதன் அளவுகோலைப் பல்லை உரசுகிற வரை நீட்டிப் பூட்டினேன். பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், மட்டத்தையும் பின்னால் நகர்த்தி மறுபடி உரசிப் பார்த்தேன். முன்னால் கேட்ட 'சிர்ர்' என்ற சத்தமே பின்னாலும் கேட்டால் பிளேடு நேராக இருக்கிறது. உரசாமல் போனாலோ அளவுகோலை முட்டித் தள்ளினாலோ கோணல். ஒரே பல்லை வைத்து அளப்பதற்குக் காரணம் உண்டு: பிளேடு தகடு லேசாக நெளிந்திருந்தாலும் அந்த நெளிவு நம் அளவில் ஏறாது. பக்கத்தில் பைப் ஃபிட்டிங் வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

அடுத்தது கைடு. ஆறு இஞ்சில் பூட்டி, பள்ளத்திலிருந்து முன்னாலும் பின்னாலும் அளந்தேன். ஒரு அடிக்கு நகர்த்தி மறுபடி. கடைசியில் கைடின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு மெஷினில் அது தாராளமாக அசைந்தது. பூட்டினபிறகும் அசைகிற கைடு எந்த பிராண்டாக இருந்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கைடு பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்தால் மரம் பிளேடின் பின்பற்களுக்கும் கைடுக்கும் நடுவில் நெருக்கப்படும். பின்பற்கள் கீழிருந்து மேலே எழும்பி வருபவை. மரத்தைக் கவ்வித் தூக்கி, நம்மைப் பார்த்தே எறியும். கணக்கு டீச்சர் என்பதால் போட்டுப் பார்த்தேன்: 25.4 செ.மீ. விட்டம், சுற்றளவு சுமார் 80 செ.மீ., நிமிடத்துக்கு 4300 சுற்று. பல்லின் வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர் பக்கம் வருகிறது. அந்த வேகத்தில் ஒரு தேக்குச் சட்டம் வயிற்றில் பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மரம் வருகிற வழியில் நிற்காமல் ஒரு பக்கமாக நின்று தள்ளுங்கள், கடைசி அரையடிக்குத் தள்ளுகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தடுப்பதற்கென்றே பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்று ஒரு தகடு நிற்கும். அறுத்த வாய் மூடிக்கொள்ளாமல் அது பிரித்துப் பிடிக்கும். பிளேடோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்க வேண்டும். அது இல்லாத மெஷின் இலவசமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம். புது பிளேடு வாங்கும்போதும் இதை மறக்கக்கூடாது: பிளேடு போடுகிற வெட்டின் அகலம் இந்தத் தகட்டின் கனத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், பிளேடுத் தகட்டின் கனம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று மாட்டினால் மரம் பாதி வழியில் தகட்டில் முட்டி நிற்கும்.

அமெரிக்காவில் சாஸ்டாப் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் யோசித்தது. பிளேடில் விரல் பட்டதை மின்சாரத்தால் உணர்ந்து, 5 மில்லி செகண்டுக்குள் ஒரு அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து பிளேடை நிறுத்திவிடும். பிளேடும் அந்தக் கட்டையும் வீண், விரல் பிழைக்கும். வாசகர் ஒருவர் அதையே வாங்கச் சொன்னார். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள், நான் நெல்லைக் கடையில் கேட்டு எடுத்து வரக்கூடியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்தது டிவால்ட். அதில் ஒரு குமிழைச் சுழற்றினால் பற்சக்கரம் ஓடி, கைடின் முன்முனையும் பின்முனையும் சேர்ந்தே நகரும், அதனால் கோணிக்கொள்ள வழியில்லை. மேசையை மட்டப்பலகை வைத்து மூலைக்கு மூலை பார்த்ததில் வெளிச்சம் தெரியவில்லை. அலுமினியம் என்பது எனக்கு ஒரு வசதியும்கூட. ஆனி, ஆடியில் இங்கே சாரல் விடாது, ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். வார்ப்பிரும்பு மேசை வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் துருவோடு மல்லுக்கட்ட வேண்டும். அவர்கள் மெழுகு தேய்க்கலாம். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், மரத்தில் ஏறிவிட்டால் பிற்பாடு பாலிஷ் பிடிக்காது.

கரண்டு விஷயம். 1800 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மிக்ஸி போடுகிற பிளக்கில் செருகக்கூடாது, 15 ஆம்பியர் பாயின்ட் தனியாக, 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் இழுத்துக்கொள்ளுங்கள். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் போட்டால் வயர் சுடும், மோட்டாரும் திணறும். எங்கள் தெருவில் காலையில் எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், அப்போது நான் அறுப்பதில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு ஆச்சி தூங்குவார்கள், அப்போதும் இல்லை.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது, தேக்குத்தூள் சிலருக்கு அரிப்பும் கொடுக்கும். தூள் வெளியேறும் குழாயில் வாக்குவம் கிளீனரை மாட்டி, முகத்துக்கு மாஸ்க், காதுக்கு மூடி. பெண்களுக்கு ஒரு வார்த்தை: புடவையோ துப்பட்டாவோ அந்தப் பக்கமே வேண்டாம். நான் என் வீட்டுக்காரருடைய பழைய அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன், வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவேன். கையுறையும் கூடாது, பிளேடு அதைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

மிச்சம் பிளேடு. மெஷினோடு வருவதை வைத்தே மெஷினை எடைபோட வேண்டாம். நீளவாக்கில் பிளக்க 24 பல், பொதுவான வேலைக்கு 40, குறுக்கே நறுக்கவும் லேமினேட் பிளைவுட்டுக்கும் 60க்கு மேல். பழைய மரமென்றால் அறுப்பதற்கு முன் ஆணி தேட வேண்டும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, கைமரத்தின் மேலே அரை இஞ்சு உயரத்தில் மெதுவாக நகர்த்துவேன். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருந்தால், மேலே ஒன்றுமே தெரியாத இடத்தில் காந்தம் சட்டென்று ஒரு பக்கம் சாயும். அங்கே சாக்பீஸில் வட்டம் போட்டு, உளியால் கொத்தி, குறடு வைத்துப் பிடுங்குவேன். ஆழத்தில் இருக்கிற ஒன்றிரண்டு காந்தத்துக்கும் தப்பிவிடும். அதனால் இந்த மரத்துக்கென்று விலை குறைந்த 24 பல் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பல்லின் கார்பைடு நுனி ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்று போனால் அதை மாற்றிவிடுவேன்.